அரியணை ஏறிய உழவன்

மன்னர்கள் ஆறு பேர் சூடிய 'ஜார்ஜ்' என்ற பெயருக்கு உண்மையில் என்ன பொருள்? பினாங்கிலும் சென்னையிலும் நம் வீட்டுப் புடவை அலமாரியிலும் இருக்கும் அந்தப் பெயரை, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஒரு பார்வை.

சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் முதலில் வரும் ஊர் கம்போங் ராஜா. அதைத் தாண்டினால் கோலா தெர்லா. பிறகு திரிங்காப், கியா பார்ம், பிரிஞ்சாங், தானா ராத்தா என்று வரிசையாக ஊர்கள். வழிநெடுக இருக்கும் பெயர்ப்பலகைகளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே போனால் பயணம் சுவையாகிவிடும். 'கோலா' என்றால் ஆறு வந்து கூடும் இடம். பவானியில் 'கூடுதுறை' என்கிறார்களே, அதுபோல. 'தானா ராத்தா' என்றால் சமநிலம். 'கம்போங் ராஜா' என்பதற்கு விளக்கமே தேவையில்லை, ராஜாவின் கிராமம். மலை முழுவதற்கும் வழங்கும் பெயரோ, 1885ஆம் ஆண்டு இங்கே நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனுடையது.

ஆறு, நிலம், அரசன், அதிகாரி. உலகத்து ஊர்ப்பெயர்களில் பெரும்பகுதி இந்த நான்கில் ஒன்றாகவே இருக்கும். காட்டை வெட்டி, மண்ணைக் கொத்தி, கன்றுகளை நட்டவரின் பெயர் பலகையில் ஏறுவது அபூர்வம். ஆனால் அரச பெயர்களில் ஒன்று மட்டும் அந்த உழைப்பாளியைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டிருக்கிறது. அதுதான் ஜார்ஜ்.

மண்ணும் வேலையும்

ஜார்ஜ் என்பது கிரேக்க மொழியில் பிறந்த பெயர். 'கியோர்கோஸ்' என்ற சொல்லே அதன் மூலம். கிரேக்கத்தில் 'கே' என்றால் மண், நிலம், பூமி. 'எர்கோன்' என்றால் வேலை. மண்ணில் வேலை செய்கிறவன் கியோர்கோஸ். நம் மொழியில் ஒரே சொல்லில் சொன்னால் உழவன்.

இந்த இரண்டு வேர்களும் நமக்குப் புதியவை அல்ல. பள்ளியில் படித்த ஜியாகரபி, ஜியாலஜி, ஜியாமெட்ரி ஆகிய மூன்றின் தொடக்கத்திலும் நிற்பது அதே 'மண்'தான். ஜியாமெட்ரி என்றாலே முதலில் நிலத்தை அளப்பது என்றுதான் பொருள். நாம் அன்றாடம் பேசும் 'எனர்ஜி' என்ற சொல்லுக்குள் இருப்பது 'எர்கோன்' என்ற அந்த வேலை.

ரோமாபுரிக் கவிஞர் வர்ஜில், கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய 29 ஆண்டுகளுக்கு முன் நான்கு பகுதிகள் கொண்ட ஒரு நூலை எழுதி முடித்தார். முதல் பகுதி பயிர், இரண்டாவது மரமும் திராட்சைக் கொடியும், மூன்றாவது கால்நடை, நான்காவது தேனீ. நூலின் பெயர் 'ஜார்ஜிக்ஸ்'. உழவர் பாடல்கள் என்று தமிழில் சொல்லலாம். அந்த நாளில் இந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு அரண்மனை நினைவுக்கு வந்திருக்காது. வயலும் ஏரும்தான் வந்திருக்கும்.

வயலிலிருந்து அரண்மனைக்கு

அப்படியானால் உழவன் அரியணை ஏறியது எப்படி? இடையில் ஒரு புனிதர் வருகிறார். ரோமப் படையில் வீரராக இருந்து, தன் கிறிஸ்துவ நம்பிக்கையைக் கைவிட மறுத்ததால் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லப்பட்டவர் என்று மரபு சொல்லும் புனித ஜார்ஜ்தான் அவர். குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தை ஈட்டியால் குத்தும் படத்தைப் பலரும் பார்த்திருப்போம். ஏப்ரல் 23 அவருடைய திருநாள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் 1348ஆம் ஆண்டு வாக்கில் தம் வீரர் குழுவுக்கு இவரைக் காவலராக ஏற்க, காலப்போக்கில் அந்த நாட்டுக்கே காவலர் ஆனார்.

ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு மன்னர் இங்கிலாந்தில் முடிசூட மேலும் முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1714இல் ஆன் அரசி வாரிசு இல்லாமல் இறந்தபோது, கத்தோலிக்கர் அரியணை ஏறக்கூடாது என்ற சட்டம் இருந்தது. உறவுமுறையில் நெருங்கியவர்கள் ஐம்பது பேருக்கும் மேல் இருந்தும் அவர்களைத் தாண்டி, ஜெர்மனியின் ஹானோவரில் இருந்த ஜார்ஜ் லுட்விக்கை அழைத்து வந்தார்கள். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. அவரே முதலாம் ஜார்ஜ். அவருக்குப் பின் மகன், கொள்ளுப்பேரன் என்று 1830 வரை தொடர்ந்து நான்கு ஜார்ஜ்கள். பிறகு 1910இல் ஐந்தாமவர், 1936இல் ஆறாமவர்.

ஆறாம் ஜார்ஜின் கதை தனி. அவருக்குப் பெற்றோர் இட்ட முதற்பெயர் ஆல்பர்ட். வீட்டில் 'பெர்ட்டி' என்று கூப்பிடுவார்கள். அண்ணன் எட்டாம் எட்வர்ட் 1936 டிசம்பரில் முடி துறந்தபோது எதிர்பாராமல் அரியணை இவரிடம் வந்தது. நான்காவதாக இருந்த 'ஜார்ஜ்' என்ற பெயரை இவர் முன்னுக்குக் கொண்டுவந்தார். கலங்கிப் போயிருந்த மக்களுக்கு அப்பா பெயரைக் கேட்டால் ஒரு நம்பிக்கை வரும் என்பது கணக்கு. பெயரை ஒரு தூணாகப் பயன்படுத்தினார் என்று சொல்லலாம். மலாயாவில் சதுர வடிவில் வந்த ஒரு காசு நாணயத்தை வைத்திருக்கும் வீடுகளில் எடுத்துப் பாருங்கள். 1939 முதல் 1945 வரை வந்ததானால் அதில் இருக்கும் முகம் இவருடையது.

பினாங்கின் ஜார்ஜ்

மலேசியர்கள் அதிகம் சொல்லும் ஜார்ஜ் மூன்றாமவர். 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். அப்போது லண்டனில் ஆட்சியில் இருந்தவர் மூன்றாம் ஜார்ஜ். மறுநாள் அவருடைய மூத்த மகனின் பிறந்த நாள். ஆகவே தீவுக்கு 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்று மகனின் பட்டத்தையும், நகருக்கு 'ஜார்ஜ் டவுன்' என்று அப்பாவின் பெயரையும் வைத்தார். தீவின் புதுப்பெயர் நிலைக்கவில்லை, பினாங்கு என்ற பழைய பெயரே வென்றது. நகரின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. மலாய்க்கார முதியவர்கள் அதையும் விடாமல் இன்றும் 'தஞ்சோங்' என்றே சொல்வதுண்டு. 2008இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியதும் அதே ஜார்ஜ் டவுன்தான்.

இந்த மூன்றாம் ஜார்ஜுக்கு அவர் நாட்டு மக்கள் வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'உழவர் ஜார்ஜ்'. வின்சரில் தம் நிலத்தில் பயிர் செய்வதிலும் ஆடு வளர்ப்பதிலும் அவருக்குப் பெரிய ஈடுபாடு. தம் ஆட்டுப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட ஒருவரின் பெயரில் வேளாண்மை இதழ் ஒன்றுக்குக் கட்டுரை வடிவில் கடிதங்கள்கூட எழுதினார். மன்னர் மாட்டுச்சாணத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று முதலில் கேலி செய்தவர்கள், பிறகு அதையே பாசத்தோடு சொல்லத் தொடங்கினார்கள். தெரிந்தோ தெரியாமலோ அவர் பெயரின் பொருளைத்தான் அவர்கள் மொழிபெயர்த்திருந்தார்கள்.

அதே ஜார்ஜ் டவுனில் பர்குவார் தெருவில் நிற்கிறது செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். வெள்ளைத் தூண்களும் கூர்கோபுரமும் கொண்ட அழகான கட்டடம். 1818இல் கட்டி முடிக்கப்பட்டு, மறு ஆண்டு அர்ச்சிக்கப்பட்டது. வரைபடம் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த அதிகாரியுடையது. கட்டிய கைகளோ கம்பெனியின் கைதிகளுடையவை. 'உழைப்பாளி' என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய கட்டடத்தின் கல்வெட்டில், கல் சுமந்தவர்களின் பெயருக்கு இடமில்லாமல் போயிற்று.

சென்னைக் கோட்டையும் ஒரு தமிழ் மாணவரும்

கடலுக்கு அந்தப் பக்கம் சென்னையிலும் ஜார்ஜ் இருக்கிறார், இரண்டு இடங்களில். தமிழ்நாட்டுச் செய்திகளில் அடிக்கடி காதில் விழும் 'செயின்ட் ஜார்ஜ் கோட்டை' மன்னர் பெயரால் ஆனதன்று. கோட்டையின் முதல் பகுதி 1640 ஏப்ரல் 23ஆம் தேதி, புனிதரின் திருநாளன்று நிறைவடைந்ததால் வந்த பெயர் அது. கோட்டைக்கு வடக்கே இருக்கும் ஜார்ஜ் டவுன்தான் மன்னர் பெயர் கொண்டது. முன்பு 'கறுப்பர் பட்டணம்' என்று ஆங்கிலேயர் சொல்லிவந்த பகுதி, ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் மாற்றப்பட்டது. நிறத்தைச் சொல்லி ஒதுக்கிய பெயர் போய் மன்னர் பெயர் வந்ததில் அங்கிருந்தவர்களுக்கு ஓரளவு நிம்மதியாவது கிடைத்திருக்கும்.

ஆனால் தமிழர்கள் மறக்கக்கூடாத ஜார்ஜ் முடி சூடாதவர். ஜி. யு. போப் என்று நாம் சொல்கிறோமே, அந்த 'ஜி' என்னும் எழுத்தின் விரிவு ஜார்ஜ். ஜார்ஜ் யுக்ளோ போப். 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்து, 1839இல் தமிழகம் வந்து, தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரத்தில் பணியாற்றி, தமிழில் தோய்ந்தவர். 1886இல் திருக்குறளையும், தம் எண்பதாம் வயதில், 1900இல், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். திருக்குறளின் 104ஆம் அதிகாரம் உழவு. உழுது உண்பவரே உலகத்தைத் தாங்குகிறார், மற்றவர் அவர் பின்னால் போகிறவர் என்று வள்ளுவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் பகுதி. அந்த அதிகாரத்தை ஆங்கில உலகுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர், உழவன் என்று பெயர் பூண்டவர். 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் இவருக்குச் சிலை வைத்தார்கள்.

வேறு உடையில் அதே பெயர்

ஜார்ஜ் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வோர் உடை அணிகிறார். ஸ்பெயின்காரர்களிடம் ஹோர்ஹே, இத்தாலியர்களிடம் ஜார்ஜியோ, ஜெர்மானியர்களிடம் கெயோர்க். ரஷ்ய மொழியில் கியோர்கி என்பதோடு யூரி என்ற வடிவமும் உண்டு. விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரின் பெயரளவில் ஓர் உழவர். சிரிய மொழி வழியாகக் கேரளத்துக்கு வந்தபோது கீவர்கீஸ் ஆகி, சுருங்கி வர்கீஸ் ஆயிற்று. உங்கள் அலுவலகத்தில் ஒரு வர்கீஸும் ஒரு ஜார்ஜும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தால், இருவருக்கும் ஒரே பெயர்தான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

பெண்பால் வடிவங்களும் உண்டு: ஜார்ஜினா, ஜார்ஜியா, ஜார்ஜெட். கடைசிப் பெயரைக் கேட்டதும் புடவை நினைவுக்கு வருகிறதா? சரிதான். கசங்காமல் வழுகி விழும் அந்தத் துணிக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் இருந்த ஜார்ஜெட் என்ற தையற்கலைஞரின் பெயரே நிலைத்தது. தீபாவளிக்கு ஜார்ஜெட் புடவை எடுப்பவர்கள், உழவர் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்லித்தான் விலை கேட்கிறார்கள்.

மலையேறிய ஜார்ஜ்

கேமரன் மலைக்கும் ஒரு ஜார்ஜ் உண்டு. வில்லியம் கேமரன் வந்துபோன பிறகு நாற்பது ஆண்டுகள் இந்த மேட்டுநிலம் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1925இல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தலைமைச் செயலாளர் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் நேரில் வந்து பார்த்து, இதை மலைவாசத் தலமாக்கலாம் என்று முடிவு செய்தார். அதே காலத்தில் தானா ராத்தாவில் வேளாண் சோதனை நிலையம் தொடங்கியது. தாப்பாவிலிருந்து சாலை ஏறியது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். வடக்கே கம்போங் ராஜா, கோலா தெர்லா பக்கத்தில் புளூ வேலி தோட்டம் எழுந்தது.

ஒரு ஜார்ஜ் கையைக் காட்டிவிட்டுப் போனார். மண்ணில் இறங்கியவர்கள் யார்? தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அவர்களில் முக்கியமானவர்கள். விடியலில் பெரட்டுக்கு நின்று, கங்காணி பிரித்துவிட்ட நிரையில் ஏறி, முதுகில் கூடையோடு கொழுந்து கிள்ளிய பெண்கள். சரிவில் குழி வெட்டிக் கன்று நட்ட ஆண்கள். கிரேக்க அகராதியைத் திறந்து 'கியோர்கோஸ்' என்பதற்கு ஆள் தேடினால் இவர்களைத்தான் காட்டவேண்டும்.

இவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். முனியாண்டி, மாரியம்மா என்று குலதெய்வப் பெயர்கள் ஒரு பக்கம். முந்திய பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், காலன் கண்ணில் படாதிருக்கட்டும் என்று குப்புசாமி, பிச்சை, மண்ணாங்கட்டி. இன்னொரு பக்கம் ராஜா, ராணி, ராஜம்மா, ராஜேந்திரன், மகாராணி. லயத்து வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ராஜா என்று பெயர். அரண்மனையில் பிறந்த பிள்ளைக்கு உழவன் என்று பெயர். இரண்டு பக்கமும் பெயர் மாறி விழுந்திருக்கிறது!

அதில் வேடிக்கை மட்டும் இல்லை. தன் பிள்ளை தன்னைப்போல் துரைக்கு முன்னால் கைகட்டி நிற்கக்கூடாது என்ற ஆசை அந்த 'ராஜா'வில் இருக்கிறது. வேறு சொத்து எதுவும் தர முடியாத அப்பாவும் அம்மாவும் தந்த முதல் சொத்து அந்தப் பெயர்தான். அந்த ஆசை பல வீடுகளில் பலித்தும் இருக்கிறது. ராஜாக்களின் பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வழக்கறிஞராக, பொறியாளராக, ஆசிரியராக இருக்கிறார்கள். கொழுந்து கிள்ளும் வேலைக்கு இப்போது வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். மண்வேலை செய்பவர் மாறிவிட்டார். அவர் பெயர் பலகையில் ஏறாதது மட்டும் மாறவில்லை.

ஏட்டில் சிதைந்த பெயர்கள்

மன்னர் பெயரை ஒருவரும் தப்பாக எழுதியதில்லை. காசில் பொறித்தார்கள், கல்லில் வெட்டினார்கள். நம் தாத்தா பாட்டி பெயர்களோ காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் ஏட்டில் ஏறின. கிராணி ஒரு விதமாக எழுதுவார், பதிவு அலுவலகத்தில் வேறு விதமாக எழுதுவார்கள். ஒரே அப்பாவின் மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் அப்பா பெயர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பது நம்மில் பலர் வீட்டுக் கதை. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்று அப்பா பெயரையே அடையாளமாகக் கொண்ட நாட்டில் இது சின்ன விஷயம் ஆகாது. சொத்து மாற்றம், ஓய்வூதியம், கடப்பிதழ் என்று வரும்போது ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக அலையவேண்டி வருகிறது.

ஆகவே பெயர் தேடும் இளம் பெற்றோருக்குச் சில வார்த்தைகள்.

முதலில், ஓசையோடு பொருளையும் கேளுங்கள். எந்த மொழிப் பெயரானாலும் தவறில்லை, ஆனால் "என் பெயருக்கு என்னம்மா அர்த்தம்?" என்று ஏழு வயதில் பிள்ளை கேட்கும்போது சொல்ல ஒரு பதில் வேண்டும்.

இரண்டாவது, ரோமன் எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே முடிவு செய்து தாளில் எழுதிக்கொண்டு பதிவுக்குப் போங்கள். எண் கணிதத்துக்காக எழுத்தைக் கூட்டுபவர்கள், மலாய், சீன ஆசிரியர்கள் அதை எப்படிப் படிப்பார்கள் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அச்சடித்த பத்திரத்தைக் கையில் வாங்கியதும் அங்கேயே சரிபாருங்கள்.

மூன்றாவது, தமிழ் எழுத்தில் அந்தப் பெயர் எப்படி வரும் என்பதையும் எழுதி வையுங்கள். தமிழ்ப்பள்ளியின் முதல் நாளில் அது தேவைப்படும்.

நான்காவது, முடிந்தால் குடும்பத்தில் மறைந்த ஒருவரின் பெயரை நடுவிலாவது சேருங்கள். பிரிட்டிஷ் அரச குடும்பம் இதைத்தான் செய்கிறது. 2013 ஜூலை 22 அன்று பிறந்த இளவரசர் ஜார்ஜ் அலெக்சாண்டர் லூயிக்கு, அவருடைய பாட்டனார் வழியில் ஆறு மன்னர்களின் பெயர் கிடைத்தது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லும் மொழி நம்முடையது. தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தை நாம் யாரிடமும் கற்கவேண்டியதில்லை.

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போகும் குடும்பங்கள் தேயிலைச் சரிவில் நின்று படம் எடுப்பது வழக்கம். இந்த முறை, அந்தப் படத்தின் பின்னணியில் தெரியும் நிரைகளை நட்டவர்களில் நம் உறவினர் யாராவது உண்டா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் பெயர்களைப் பிள்ளைகளின் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஜார்ஜ் என்ற சொல்லுக்கு முழு உரிமை உள்ளவர்கள் அவர்களே.